கடன் மலிவு என்பது கணக்குப் பிழை

தொழில் செய்கிறவர்கள் கூடும் இடங்களில் ஓர் அறிவுரை தவறாமல் காதில் விழும்: "சொந்தக் காசைப் போட்டுத் தொழில் செய்யாதே, பேங்க் காசில் செய்." எம்.பி.ஏ. வகுப்பில் இதே அறிவுரை சூத்திரமாக மாறி வருகிறது. கடனுக்கு வட்டி 9 சதவீதம். பங்குதாரர் எதிர்பார்ப்பது 15 சதவீதம். வட்டியைச் செலவாகக் காட்டி வரியையும் குறைக்கலாம். ஆகவே கடன் மலிவான மூலதனம், பங்கு மூலதனம் விலை கூடியது. கடனின் விகிதத்தைக் கூட்டினால் சராசரி மூலதனச் செலவு இறங்கும், நிறுவனத்தின் மதிப்பு ஏறும். மாணவர் இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்கிறது. நிதித் தலைவர் இப்படிப் பேசினால் இயக்குநர் குழு ஒப்புதல் தருகிறது.

இந்தக் கருத்து அடியோடு தவறு. பணத்தின் விலையை முடிவு செய்வது அது போய்ச் சேரும் இடம்தான். யாரிடமிருந்து வந்தது என்பதற்கு அதில் மிகச் சிறிய பங்குதான் உண்டு. நிறுவன நிதியியலில் மாணவர் ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொண்டு வெளியே போகலாம் என்றால் அது இதுவாக இருக்க வேண்டும் என்பேன். நாம் கற்றுக்கொடுப்பதோ இதற்கு நேர்மாறானதை.

கணக்கிலிருந்து தொடங்கலாம். வரியை இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம். 100 கோடி ரூபாய் முதலில் ஓர் ஆலை நடக்கிறது, கடன் இல்லை. சாதாரண ஆண்டில் 12 கோடி சம்பாதிக்கிறது. நல்ல ஆண்டில் 18 கோடி, மந்தமான ஆண்டில் 6 கோடி. பங்குதாரருக்குச் சராசரியாக 12 சதவீதம் கிடைக்கிறது, அது இரு பக்கமும் 6 சதவீதம் ஆடுகிறது. இந்த அளவு ஆட்டத்துக்கு 12 சதவீதம் நியாயமான கூலி என்று ஒப்புக்கொண்டுதான் அவர்கள் பணம் போட்டிருக்கிறார்கள்.

இப்போது ஆலை 8 சதவீத வட்டிக்கு 50 கோடி கடன் வாங்கி, அந்தப் பணத்தைப் பங்குதாரர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆலைக்குள் எதுவும் மாறவில்லை. அதே இயந்திரங்கள், அதே சரக்கு, அதே வாடிக்கையாளர்கள். ஆண்டு வட்டி 4 கோடி. சாதாரண ஆண்டில் மிஞ்சுவது 8 கோடி. மீதமுள்ள 50 கோடி முதலுக்கு அது 16 சதவீதம். நல்ல ஆண்டில் 14 கோடி மிஞ்சும், அது 28 சதவீதம். மந்தமான ஆண்டில் 2 கோடிதான், 4 சதவீதம்.

முன்பு 6க்கும் 18க்கும் இடையே ஆடிய ஆதாயம் இப்போது 4க்கும் 28க்கும் இடையே ஆடுகிறது. ஆட்டம் சரியாக இரண்டு மடங்கு. வகுப்பறைக் கணக்கு இங்கேதான் தவறுகிறது. கடன் 8, பங்கு 12, பாதிக்குப் பாதி, ஆகவே சராசரி 10 என்று எழுதிவிடுகிறது. அந்த 12 என்பது கடனே இல்லாதபோது பங்குதாரர் கேட்ட விலை. இரண்டு மடங்கு அபாயத்தைச் சுமக்கிறவர் பழைய விலைக்கே ஏன் சம்மதிக்க வேண்டும்? அவர் 16 கேட்பார். 8க்கும் 16க்கும் சராசரி 12. ஆலை சம்பாதிப்பதும் 12தான். கடன் வாங்கியதால் ஒரு பைசாவும் மிச்சமாகவில்லை. கடன்காரருக்கு நிச்சயமான பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டோம், நிச்சயமில்லாத பங்கு முழுவதும் மற்றவர் தலையில் ஏறிவிட்டது.

தேர்வுத் தாளில் 10 என்று எழுதினால் யாருக்கும் இழப்பில்லை. அந்த மாணவர் வேலைக்குப் போய், 11 சதவீதம் தரக்கூடிய ஒரு விரிவாக்கத் திட்டத்தைப் பரிசீலிக்கும்போதுதான் இழப்பு தொடங்குகிறது. மூலதனச் செலவு 10, வரவு 11, ஆகவே செய்யலாம் என்று அவர் கையெழுத்துப் போடுவார். உண்மையான செலவு 12. ஒவ்வோர் ஆண்டும் அந்தத் திட்டம் முதலீட்டாளரின் பணத்தைக் கரைக்கும், கணக்குப் புத்தகத்திலோ லாபமே காட்டும். தவறான சூத்திரம் தவறான ஆலையைக் கட்டுகிறது. நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த ஃபிராங்கோ மோடிக்லியானியும் மெர்ட்டன் மில்லரும் 1958லேயே இதை நிறுவிவிட்டார்கள். மோடிக்லியானிக்கு 1985லும் மில்லருக்கு 1990லும் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களுடைய வாதத்தின் உயிர் எளிமையானது. கடன் வாங்கினால் பங்கின் ஆதாயம் கூடும் என்றால், அதைப் பங்குதாரர் தாமே செய்துகொள்ளலாம். தன் பெயரில் கடன் வாங்கிக் கடனில்லாத நிறுவனத்தின் பங்குகளைக் கூடுதலாக வாங்கினால் போதும். தன்னால் செய்துகொள்ள முடிந்த ஒன்றை நிறுவனம் செய்துகொடுப்பதற்காக அவர் அதிக விலை கொடுக்க மாட்டார்.

பாடநூல்களில் இந்தத் தேற்றம் இல்லாமல் இல்லை. ஓர் அத்தியாயம் ஒதுக்குகிறார்கள், நிறுவிக் காட்டுகிறார்கள். பிறகு "வரி இல்லை, திவால் செலவு இல்லை, தகவல் எல்லோருக்கும் சமம் என்ற நடைமுறைக்கு ஒவ்வாத அனுமானங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் பழைய 8, 12, 10 கணக்குக்கே திரும்பிவிடுகிறார்கள். தேற்றத்தை இதைவிடத் தவறாகப் படிக்க முடியாது. கடன் சில நேரம் மதிப்பைக் கூட்டக்கூடும் என்பதை அது மறுக்கவில்லை. அப்படிக் கூட்டினால் காரணத்தை எங்கே தேட வேண்டும் என்று காட்டுகிறது: வரியில் தேடு, திவால் செலவில் தேடு, நிர்வாகியின் நடத்தையில் தேடு. வட்டி விகிதம் பங்குதாரரின் எதிர்பார்ப்பைவிடக் குறைவு என்பதில் மட்டும் தேடாதே, அங்கே ஒன்றும் இல்லை. அனுமானங்களில் குறை கண்டுபிடித்தவர்கள், குறையே இல்லாத இந்த முடிவையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

இதெல்லாம் பெரிய நிறுவனங்களுக்கான தத்துவம், சிறுதொழிலில் வட்டி உண்மையிலேயே மலிவுதானே என்று கேட்பார்கள். என் வாதம் மிகத் தெளிவாகத் தெரியும் இடமே சிறுதொழில்தான். கோவையில் ஒரு ஃபவுண்டரி உரிமையாளர், திருப்பூரில் ஒரு பின்னலாடை உற்பத்தியாளர், சிவகாசியில் ஓர் அச்சகம். வங்கி 9.5 சதவீதத்துக்கு டேர்ம் லோன் தருகிறது. எதை நம்பித் தருகிறது? இயந்திரம் வங்கியின் பிடியில். சரக்கும் வரவேண்டிய பாக்கியும் வங்கியின் பிடியில். அதற்கு மேல் குடியிருக்கும் வீட்டுப் பத்திரம். அதற்கும் மேல், உரிமையாளரும் அவர் மனைவியும், சில சமயம் வளர்ந்த பிள்ளைகளும் போட்டுக்கொடுத்த தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்து.

அந்த 9.5 சதவீதம் ஃபவுண்டரித் தொழிலின் அபாயத்துக்கான விலையாக இருக்க முடியாது. ஃபவுண்டரி படுத்தாலும் வீட்டை விற்று வசூலித்துக்கொள்ளலாம் என்ற நிச்சயத்துக்கான விலை அது. தொழிலின் அபாயம் எங்கும் போய்விடவில்லை. குடும்பத்தின் மேல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இதைச் சோதித்துப் பார்ப்பதும் எளிது. அதே ஆள், அதே தொழிலுக்கு, வீட்டுப் பத்திரம் இல்லாமல் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் கேட்கட்டும். வட்டி பெரும்பாலும் 18 சதவீதத்தைத் தாண்டும். இரண்டுக்கும் உள்ள 8.5 சதவீதத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தைக் குடும்பம் கட்டுகிறது. அது எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. ஆடிட்டர் கேட்பதில்லை, வங்கி மேலாளர் சொல்வதில்லை, நிதியியல் ஆசிரியரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆனால் பாகப்பிரிவினைப் பேச்சு வரும்போதும், மகளின் கல்யாணத்துக்கு இடத்தை விற்கலாமா என்ற யோசனை எழும்போதும் அந்தக் குடும்பத்துக்கு அது தெரியும்.

அடமானம் இல்லாமல் சிறுதொழிலுக்குக் கடன் கிடைக்க வேண்டும் என்று மத்திய அரசும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் ஒரு கடன் உத்தரவாத அறக்கட்டளையை நிறுவின. அது உத்தரவாதம் தருவதற்கு ஆண்டுதோறும் கட்டணம் வாங்குகிறது. வீட்டுப் பத்திரம் செய்யும் வேலையை வேறொருவர் செய்தால் அதற்கு விலை உண்டு என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. குடும்பம் செய்யும்போது மட்டும் அது இலவசமாகிவிடுகிறது.

பிரைவேட் லிமிடெட் என்று பதிவு செய்தால் பொறுப்பு முதலீட்டோடு நின்றுவிடும் என்று முதல் பருவத்தில் கற்பிக்கிறோம். ஜாமீன் கையெழுத்து விழுந்த நொடியில் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் தந்தவர்கள் மீதும் திவால் நடவடிக்கை எடுக்க வழிசெய்யும் விதிகள் 2019 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தன. 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவை செல்லும் என்று தீர்ப்பளித்தது. பெரும் தொழிலதிபர்களை மனதில் வைத்து வந்த விதிதான். கையெழுத்தின் எடை சிறியவருக்கும் அதேதான்.

அடுத்ததாக, கடன் வாங்கினால் ஒரு பங்குக்கான லாபம் ஏறுகிறது, பங்கு மூலதனத்தின் மீதான ஆதாய விகிதமும் ஏறுகிறது என்பார்கள். ஏறத்தான் செய்யும். மேலே கண்ட ஆலையில் 12 சதவீதம் 16 ஆனது அப்படித்தான். ஆலையின் திறமை கூடியதா? ஒரு டன் கூடுதலாக உற்பத்தியானதா? இல்லை. நல்ல காலத்தில் ஏற்றிக் காட்டும் விகிதம் கெட்ட காலத்தில் அதே வேகத்தில் இறக்கிக் காட்டும். ஒரு பங்குக்கான லாபத்தை வைத்து நிர்வாகிக்குப் போனஸ் கொடுக்கும் நிறுவனம், பங்குதாரரின் அபாயத்தைக் கூட்டியதற்காக நிர்வாகிக்குப் பரிசளிக்கிறது.

பெரிய நிறுவனங்களுக்கு வருவோம். 2007 ஜனவரி கடைசியில் லண்டனில் நடந்த ஏலத்தில் டாடா ஸ்டீல், ஆங்கிலோ-டச்சு எஃகு நிறுவனமான கோரஸை ஒரு பங்குக்கு 608 பென்ஸ் என்ற விலைக்கு எடுத்தது. பிரேசிலின் சி.எஸ்.என். நிறுவனம் 603 பென்ஸில் நின்றுவிட்டது. அதற்கு முந்தைய அக்டோபரில் டாடா முதலில் சொன்ன விலை 455 பென்ஸ். மொத்தத் தொகை சுமார் 620 கோடி பவுண்டு. அதில் பெரும்பகுதி கடன். இந்தியாவே பெருமைப்பட்ட நாள் அது, அந்தப் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. உலகச் சந்தையில் அப்போது பணம் தாராளமாகக் கிடைத்தது. டாடா என்ற பெயருக்குக் கடன் கொடுக்க வங்கிகள் வரிசையில் நின்றன.

ஆனால் அந்தப் பணம் போன இடம் ஜாம்ஷெட்பூர் இல்லை. சொந்தச் சுரங்கத்து இரும்புத்தாதில் நடக்கும், உலகிலேயே குறைந்த செலவு ஆலைகளில் ஒன்றாகப் பேசப்பட்ட இந்திய ஆலையின் அபாயம் வேறு. தாதையும் நிலக்கரியையும் விலைக்கு வாங்கி, ஏறும் மின்கட்டணத்தில் ஓடும் ஐரோப்பிய ஆலைகளின் அபாயம் வேறு. கடன்காரர் கேட்ட வட்டி எதுவாக இருந்தாலும், இந்தக் கொள்முதலுக்கான மூலதனச் செலவு ஐரோப்பிய எஃகுத் தொழிலின் அபாயத்துக்கு ஏற்ற ஒன்றுதான். 2008 நெருக்கடியில் தேவை சரிந்தது, பிறகு சீனாவின் உபரி எஃகு வந்து குவிந்தது. அப்போதும் வட்டியைக் கட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. 2016 மார்ச்சில் பிரிட்டன் தொழிலை விற்கும் வழிகளை ஆராயப்போவதாக டாடா ஸ்டீல் அறிவித்தது. ஸ்கன்தார்ப் ஆலை உள்ளிட்ட பிரிவு அந்த ஆண்டே பெயரளவுக்கு ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. டாடாவிடமே தங்கிய போர்ட் டால்பட் ஆலையின் கடைசி ஊதுலை 2024 செப்டம்பர் 30 அன்று அணைந்தது. எல்லாவற்றுக்கும் கடன்தான் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் வாங்குகிறவரின் பெயரை வைத்துக் கிடைத்த வட்டியை, வாங்கப்படும் தொழிலின் செலவாக எண்ணுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் நம் நாட்டு நிறுவன வரலாற்றில் குறைவு.

எதிர்த்தரப்பின் பலமான வாதம் வரி. இதை மதிக்கிறேன். மோடிக்லியானியும் மில்லருமே 1963ல் தங்கள் கணக்கைத் திருத்தி, வட்டிக்கு வரிச்சலுகை இருக்கும்வரை கடனுக்கு ஓர் உண்மையான சாதகம் உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் எவ்வளவு சாதகம்? நம் வகுப்பறைகள் இந்தக் கேள்வியைக் கேட்காமலே கடந்துவிடுகின்றன. 2019 செப்டம்பர் வரை நம் பெரிய நிறுவனங்களின் வரி, கூடுதல் வரிகளோடு சேர்த்து 35 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அந்த மாதம் வந்த அவசரச் சட்டம், சலுகைகளை விட்டுக்கொடுக்கும் நிறுவனங்களுக்கு அதை 25.17 சதவீதமாக்கியது. 4 கோடி வட்டியால் முன்பு 1 கோடியே 40 லட்சம் மிச்சமானது என்றால் இப்போது 1 கோடிதான். கடனின் சாதகத்தில் கால்பங்குக்கு மேல் ஒரே நாளில் போய்விட்டது. அதன் பிறகும் பழைய 35 சதவீதத்தில் உதாரணக் கணக்கு போடும் புத்தகங்கள் புழக்கத்தில் உள்ளன.

இதுவும் பாதிக் கதைதான். நிறுவனம் கட்டாத வரியை வட்டி வாங்குகிறவர் கட்டுகிறார். 1977ல் மில்லர் இதைத்தான் சுட்டிக்காட்டினார். நம் சூழலில் தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். நிறுவனம் சம்பாதித்த 100 ரூபாய், வட்டியாக 30 சதவீத வரி வரம்பில் உள்ளவரிடம் போனால் அவர் கையில் 70 ரூபாய் நிற்கும். அதே 100 ரூபாய் நிறுவனத்துக்குள் 25 ரூபாய் வரி கட்டி 75 ரூபாயாகத் தங்கி, பங்கு விலை உயர்வாக மாறி, விற்கும்போது 12.5 சதவீத நீண்டகால மூலதன ஆதாய வரி கட்டினால் ஏறக்குறைய 66 ரூபாய் நிற்கும். வித்தியாசம் 4 ரூபாய் சொச்சம். அந்த வரியையும் விற்கும் ஆண்டு வரை தள்ளிப்போடலாம் என்பதால் இடைவெளி இன்னும் சுருங்கும். லாபம் முழுவதையும் ஈவுத்தொகையாகக் கொடுத்துவிடும் நிறுவனத்தில் கணக்கு மாறும். 2020க்குப் பிறகு ஈவுத்தொகைக்குப் பெறுகிறவரே தன் வரம்பின்படி வரி கட்டுகிறார், அங்கே கடனின் சாதகம் பெரிதாகவே இருக்கும். ஆக, வரிச் சாதகம் நிறுவனத்துக்கு நிறுவனம், பங்குதாரருக்குப் பங்குதாரர் மாறுகிறது. வட்டி விகிதத்தை ஒன்றிலிருந்து வரி விகிதத்தைக் கழித்துப் பெருக்கு என்று எல்லோருக்கும் ஒரே சூத்திரத்தைக் கையில் கொடுப்பது பாடம் ஆகாது.

இனி ஒழுக்க வாதம். கையில் ரொக்கம் புரண்டால் நிர்வாகி வீண் விரிவாக்கத்தில் கொட்டுவார், தவணை கட்ட வேண்டும் என்ற நெருக்கடி அவரைக் கட்டுக்குள் வைக்கும் என்று மைக்கேல் ஜென்சன் 1986ல் எழுதினார். முதிர்ந்த தொழில், உபரி ரொக்கம், கண்டிப்பான கடன்காரர் என்ற மூன்றும் சேர்ந்தால் இது உண்மைதான். நம் நாட்டில் அந்த மூன்றாவது பல பத்தாண்டுகளாக இல்லை. தவணை தவறினால் மறுசீரமைப்பு, மறுபடி தவறினால் புதுக் கடன் கொடுத்துப் பழைய வட்டியைக் கட்டவைப்பது என்று வங்கிகள் ஓட்டிக்கொண்டிருந்தன. ரகுராம் ராஜன் ஆளுநராக இருந்த 2015ல் ரிசர்வ் வங்கி சொத்துத் தர ஆய்வைத் தொடங்கிய பிறகுதான் மறைந்திருந்த வாராக்கடன் வெளியே வந்தது. 2018 மார்ச்சில் மொத்த வாராக்கடன் விகிதம் 11 சதவீதத்தைத் தாண்டியது. 2017 ஜூனில் திவால் நடவடிக்கைக்கு அனுப்பும்படி ரிசர்வ் வங்கி குறித்த 12 பெருங்கணக்குகளில் மட்டும் அன்றைய வாராக்கடனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முடங்கிக் கிடந்தது.

அந்தப் பன்னிரண்டில் ஒன்று பூஷண் ஸ்டீல். நிதிக் கடன்காரர்கள் கோரிய தொகை சுமார் 56,000 கோடி ரூபாய். 2018 மே மாதம் அதை எடுத்த டாடா ஸ்டீல் அவர்களுக்குக் கொடுத்தது சுமார் 35,200 கோடி. மலிவுக் கடன் என்று யாரோ எழுதிய கணக்கின் மீதித் தொகை இருபதாயிரம் கோடிக்கு மேல். அதில் பெரும்பங்கைப் பொதுத்துறை வங்கிகள் சுமந்தன. ஒழுக்கம் கற்பிக்கும் என்று சொன்ன கடன் யாருக்கு எதைக் கற்பித்தது?

கடன் கழுத்தை நெரிக்கும்போது கடைசிவரை ஒழுங்காகப் பணம் பெறுவது வங்கிதான். தவணை கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். முதலில் நிற்பது சப்ளையருக்கான செக். சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கொடுக்காத பெரிய நிறுவனத்தின் மேல் புகார் செய்தால் அடுத்த ஆர்டர் வராது என்று சிறியவர் வாய் திறப்பதில்லை. அடுத்து பி.எஃப். கட்டுவது நிற்கும், அதன் பிறகு சம்பளம் தள்ளிப்போகும். கூடுதல் ஆதாயம் கிடைக்கும்போது பங்கு கேட்காத இவர்கள்தான் கூடுதல் அபாயத்தின் முதல் பங்கைச் சுமக்கிறார்கள். சராசரி மூலதனச் செலவுச் சூத்திரத்தில் இவர்களுக்கு இடமே கிடையாது. பெருங்கடனில் வாங்கப்பட்டுப் பின் தத்தளித்த அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்த ஆண்ட்ராடேயும் கேப்லனும், நிதி நெருக்கடி மட்டுமே நிறுவன மதிப்பில் 10 முதல் 20 சதவீதத்தைத் தின்றுவிடுகிறது என்று 1998ல் மதிப்பிட்டார்கள்.

டாய்ஸ் ஆர் அஸ் என்ற பொம்மைக் கடைச் சங்கிலி இதற்கு உதாரணம். 2005ல் கே.கே.ஆர்., பெயின் கேப்பிட்டல், வொர்னாடோ ஆகிய மூன்றும் அதை 660 கோடி டாலருக்கு வாங்கின. பெரும்பகுதியைக் கடனாகத் திரட்டி அந்த நிறுவனத்தின் தலையிலேயே ஏற்றின. வட்டிக்கு மட்டும் ஆண்டுக்கு 40 கோடி டாலர் அளவில் போயிற்று. 2017 செப்டம்பரில் திவால் மனு, அடுத்த ஆண்டு அமெரிக்காவில் இருந்த கடைகள் எல்லாம் மூடல், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போயிற்று. அமேசான் வந்ததால் அழிந்தது என்பார்கள். அமேசான் எல்லாக் கடைகளுக்கும்தான் வந்தது. கடையைப் புதுப்பிக்கவும் இணைய விற்பனையை வளர்க்கவும் வேண்டிய பணம் இந்தக் கடையில் வட்டியாக வெளியேறிக்கொண்டிருந்தது.

ஏகபோகத் தொழில், நிலையான வருமானம் என்றால் கடனைத் தாராளமாக ஏற்றலாம் என்பது இன்னொரு நம்பிக்கை. லண்டனுக்கும் சுற்றுப்புறத்துக்கும் தண்ணீர் தரும் தேம்ஸ் வாட்டருக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல் வாடிக்கையாளர்கள். போட்டி கிடையாது. 1989ல் தனியார்மயமானபோது பிரிட்டிஷ் அரசு தண்ணீர் நிறுவனங்களின் பழைய கடனைத் தள்ளுபடி செய்தே ஒப்படைத்தது. ஆஸ்திரேலியாவின் மக்வாரி தலைமையிலான முதலீட்டாளர்கள் 2006 முதல் 2017 வரை வைத்திருந்த காலத்தில் கடன் பல மடங்கானது; 2024ல் அது 1,500 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. 2025 பிப்ரவரியில், மூழ்காமல் தாக்குப்பிடிக்க 300 கோடி பவுண்டு வரை அவசரக் கடன் வாங்க நீதிமன்றம் அனுமதித்தது. வட்டி 9.75 சதவீதம். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வருமானம் வரும் தொழிலில், மலிவு என்று அடுக்கிய கடன் இந்த விலையில் வந்து நின்றது.

நான் கடனுக்கு எதிரி இல்லை. வாடகைக்கு ஓடும் லாரியைக் கடனில் வாங்குவது அறிவுள்ள காரியம்: லாரியை எந்த ஊரிலும் விற்கலாம், தவணை முடியும் வரை அது ஓடும். ஏற்றுமதி ஆர்டரும் வாங்குபவரின் கடன் கடிதமும் கையில் இருக்க, சரக்கு கொள்முதலுக்கு வங்கியிடம் பேக்கிங் கிரெடிட் எடுப்பதும் அப்படியே. விற்கக்கூடிய சொத்து, ஒப்பந்தத்தால் உறுதியான வரவு, வரவு வரும் காலத்தோடு பொருந்தும் தவணை ஆகியவை இருக்கும் இடத்தில் கடன் நிற்கும். இருபது ஆண்டில் வசூலாகும் சாலைக்கும் சுரங்கப்பாதைக்கும் குறுகிய காலப் பத்திரங்களில் பணம் திரட்டிய ஐ.எல்.&எஃப்.எஸ்., 2018ல் தவணை தவறியபோது அதன் தலையில் 91,000 கோடி ரூபாய்க் கடன் இருந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புவரை அதன் பத்திரங்களுக்கு மிக உயர்ந்த தர மதிப்பீடு இருந்தது. மறுபுறம் மைக்ரோசாஃப்ட் தன் முதல் நீண்டகாலப் பத்திரத்தை வெளியிட்டது 2009ல்தான். இன்ஃபோசிஸ் 1993ல் பங்குச்சந்தைக்கு வந்து, பெரும் கடன் எதுவும் இல்லாமலே வளர்ந்தது. கடனின் மலிவு தெரியாமல் அவர்கள் விட்டுவிடவில்லை. மாலையில் வீட்டுக்குப் போய்விடும் மனிதர்களே சொத்தாக உள்ள தொழிலில் அடமானம் வைக்க என்ன இருக்கிறது?

அப்படியானால் உலகமே ஏன் கடன் வாங்குகிறது? நம் நாட்டைப் பொறுத்தவரை முதன்மையான காரணம் வட்டி விகிதத்தில் இல்லை, கட்டுப்பாட்டில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். புதிய பங்கு வெளியிட்டால் புரமோட்டர் குடும்பத்தின் 55 சதவீதம் 40 ஆகும். கடன் வாங்கினால் 55 அப்படியே இருக்கும். கட்டி வளர்த்த நிறுவனத்தைக் கைவிட மனம் வராதது இயல்பு, அதற்காகக் கூடுதல் அபாயத்தை ஏற்பதும் அவர் உரிமை. "என் பிடியைக் காத்துக்கொள்ள இந்த அபாயத்தை ஏற்கிறேன்" என்று அவர் சொன்னால் எனக்கு எதிர்வாதம் கிடையாது. ஆனால் அந்த அபாயத்தில் கிட்டத்தட்டப் பாதியைச் சுமப்பவர்கள், பிடியில் எந்தப் பங்கும் இல்லாத மீதி 45 சதவீதத்துப் பங்குதாரர்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கடன் வரம்பை உயர்த்தத் தீர்மானம் வரும்போது, கடன் மலிவு என்ற வரியை எடுத்துவிட்டு இந்தக் காரணத்தை அவர்கள் முன் வைத்து வாக்குக் கேட்கட்டும்.